செத்தவர்கள் பெயரைப் படித்த பிள்ளை

எனக்குப் படிக்கத் தெரியுமா என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. பார்த்தார்கள், நம்பிக்கொண்டார்கள்.

சேலத்தில் கன்னியாஸ்திரிகள் மடத்துச் சமையலறையில் முப்பது வருஷம் இருந்தேன். அங்கே இருந்தவள் படித்தவளாகத்தான் இருப்பாள் என்பது தெருவின் கணக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபம் சொல்வோம். அதற்கு அன்பியம் என்று பெயர். செபமாலையும் மன்றாட்டு மாலையும் சொல்லி நடத்துவது நான். கண்ணாடி போட்டுக்கொள்வேன். செபப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வேன். எந்த இடத்தில் பக்கம் திருப்ப வேண்டும் என்று மடத்துப் பெரிய சிஸ்டரைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். ஒரு சொல் பாதியில் நிற்கும்போது பக்கம் திரும்பும். நானும் பாதியில் நிறுத்தித் திருப்புவேன். பைபிள் வாசகம் வந்தால் புத்தகத்தைக் காலேஜ் போகும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். இளம்பிள்ளைகளை முன்னுக்குக் கொண்டுவரும் பெருந்தன்மை என்று பங்குச் சாமியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே சொன்னார். நான் மறுக்கவில்லை.

உள்ளபடி நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு அம்மாவுக்கு இன்னொரு குழந்தை பிறந்தது; தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. எழுத்துகளில் பாதி எனக்குத் தெரியும். மீதிப் பாதியை முகத்தளவில் தெரியும், பெயர் தெரியாது. கையெழுத்துப் போடுவேன். யாரையும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் மாடி வீட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. குமாரபாளையத்துப் பக்கத்து நெசவுக்காரர்கள். வீட்டுக்காரர் விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் சம்சாரம், அந்தப் பெண், ரெடிமேட் கம்பெனியில் துணி தைக்கப் போகிறாள். திரும்பி வர ஏழு மணி ஆகும். ஒரே மகள். நான் சொல்லும் சமயத்தில் அவள் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வந்தால் அம்மா வரும்வரை என் வீட்டில்தான் இருப்பாள். அதிகம் பேசமாட்டாள். எனக்கும் அது ஒத்துப்போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாள்.

"ஏனுங்கம்மா, பாப்பாவுக்குப் படிப்பு ஏற மாட்டேங்குதுன்னு டீச்சர் சொல்றாங்க. எழுத்துக் கூட்டவே தெரியலயாமா. நீங்க தெனம் பொஸ்தகம் படிக்கறவங்க. ஒரு மணி நேரம் உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கிறவளிடம் எனக்குத் தெரியாது என்று சொல்வது மரியாதையாகப் படவில்லை.

"என்கிட்ட செபப் புத்தகந்தான் இருக்கு. உங்க ஆளுங்க ஏதாவது சொல்லப்போறாங்க" என்றேன்.

"எந்தச் சாமி பொஸ்தகமா இருந்தா என்னுங்க, எழுத்து ஒண்ணுதானுங்களே."

மறுநாளே ஆரம்பித்தோம். வரிக்குக் கீழே நான் விரலை ஓட்டிக்கொண்டே சொல்வேன், அவளும் விரலை ஓட்டிக்கொண்டே திருப்பிச் சொல்வாள். மடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பத்து நாளில் அருள்நிறை மந்திரம் வந்தது. அடுத்து பரலோக மந்திரம். தீபாவளி கழிந்து மன்றாட்டு மாலையில் பாதி. பிள்ளை கெட்டிக்காரி. நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துவாள், நான் பக்கம் திருப்புகிற சொல்லில் திருப்புவாள், நடுவில் நான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்கிற இடம் வந்தால் அவளும் வெறும் மூக்கைத் தொட்டுக்கொள்வாள்.

குமாரபாளையத்திலிருந்து அவளுடைய அத்தை வந்திருந்தபோது படித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரே மூச்சில் இரண்டு பக்கம் படித்தாள். அத்தை வாயைப் பிளந்தாள்.

"என்ற மகன் அஞ்சாவது. அவனுக்கு இந்த வேகம் வராது சாமி!"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை நாள் இந்த வேலைக்குப் போயிருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் டீச்சர் சொல்லி அனுப்பினார்: பிள்ளைக்கு இன்னும் ஒரு சொல்லும் படிக்கத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. டீச்சரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஒரு படித்த ஆள் கூட வந்தால் நல்லது என்று என்னையும் அழைத்தாள். கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, குடையும் எடுத்துக்கொண்டு போனேன்.

டீச்சர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து தோத்திரம் சொன்னார். பிறகு பாடப்புத்தகத்தில் கோழியும் குஞ்சுகளும் படம் போட்ட ஒரு பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"படி பாப்பா."

பாப்பா கோழிக்குக் கீழே இருந்த முதல் வரியில் விரலை வைத்தாள். மூக்கைத் தொட்டுக்கொண்டாள். அருள்நிறை மந்திரத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு பிழையில்லாமல் சொன்னாள். விரல் சரியாகக் குஞ்சுகளைத் தாண்டி ஓரத்தில் வந்து நின்றது. டீச்சர் பழக்கத்தில் ஆமென் என்றுவிட்டார்.

"மனப்பாடம் நல்லாப் பண்ணியிருக்கா. படிக்கல" என்றார் டீச்சர். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்களே இந்தப் பக்கத்த ஒருதரம் மெதுவா வாசிச்சுக் காட்டுங்கம்மா. நீங்க எப்படி எழுத்துக் கூட்டறீங்கன்னு பாக்கட்டும்."

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னேன். கண்ணாடி என் மூக்கின்மேல் இருந்தது.

டீச்சர் அதைப் பார்த்தார். நல்ல மனுஷி. "சரிங்கம்மா, இன்னொரு நாளைக்கு" என்று புத்தகத்தை மூடிவிட்டார். அந்தப் பெண் கோழிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

பொங்கல் கழிந்தது. பிள்ளையின் அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்கிறவர், பேசினால் கொஞ்சம் உரக்கவே பேசுவார். அவர் மாடியில் சொன்னது கீழே எனக்கு முழுவதும் கேட்டது. நாமக்கல் பக்கத்தில் ஹாஸ்டலோடு சேர்ந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்றை விசாரித்து வைத்திருக்கிறார். மூன்றாம் வகுப்பிலிருந்து சேர்த்துக்கொள்வார்களாம். இங்கே விட்டால் பிள்ளையும் தறிக்குத்தான் வரும்.

"ஏழு வயசுப் புள்ளைய ஆஸ்டல்லயா உடறது?" என்றாள் அவள்.

"நீயும் நானும் ஊட்டுல இருக்கறமா? யாரு பாக்கறது? பரீச்ச லீவு உடறதுக்குள்ள படிச்சுக் காட்டட்டும். புதுசா ஒரு பக்கம். படிச்சாள்னா இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா ஜூன் மாசம் அங்கதான். பேச்சு முடிஞ்சுது."

பிறகு தட்டு கழுவும் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் காலை அந்தப் பெண் வேலைக்குப் போகுமுன் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன்.

"இன்னும் கொஞ்சம் கடுசாச் சொல்லிக் குடுங்கம்மா. அடிக்கோணும்னாலும் அடிங்க. உங்களத்தான் நம்பியிருக்கறனுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன்.

அவள் நம்பவில்லை. "பெரியவங்க அப்படித்தான் தன்னடக்கமாச் சொல்லுவீங்க" என்று சிரித்தாள்.

தெரியும் என்று நம்பவைக்க இத்தனை வருஷத்தில் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தெரியாது என்று நம்பவைக்க அன்றைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கேஸ் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நின்று போனேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாள். காலண்டரைக் காட்டினாள். அதில் தேதியைச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. கடைசியில் செபப் புத்தகத்தை நானே எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளையே படிக்கச் சொன்னேன். அவள் பத்தாவது வரை படித்தவள். படித்தாள். தண்ணீர் மந்திரிப்பதற்கான செபம். அது அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அப்பறம் என்னுங்கம்மா பண்றது?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"யோசிக்கிறேன். நீ போ" என்றேன்.

யோசித்ததில் ஒன்று புரிந்தது. பிள்ளைக்கு எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாகத் தெரியும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்தான் தெரியவில்லை. கூட்ட வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை. பாடப்புத்தகத்தை வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்துகிறார்கள், அதனால் அதுவும் மனப்பாடம். என் புத்தகமும் மனப்பாடம். காதால் ஒருதரம் கேட்டுவிட்டால் இந்தப் பிள்ளைக்குக் கண் வேண்டாம். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னே தெரிந்திருக்க முடியாத ஏதாவது எழுத்து வேண்டும்.

அது கடைவீதி முனையில் இருந்தது. கொத்துமல்லி வாங்கப் போகும்போது பிள்ளை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆயா, இவரு ஆரு?"

டீக்கடையை ஒட்டிய நீளச் சுவர் அது. செத்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டுகிற சுவர். வாரத்துக்கு இரண்டு பேராவது புதிதாக வருவார்கள். படம் பெரியது, எழுத்து உள்ளங்கை அளவு.

"எழுதியிருக்கே, படி" என்றேன்.

அவள் விரலை வைத்து அருள்நிறை மந்திரத்தை ஆரம்பித்தாள்.

"நிறுத்து. இவரு நெத்தியில விபூதி பாரு. அந்தச் செபம் இங்க எழுதியிருக்காது."

பிள்ளை யோசித்தாள். விரலை எடுத்து மறுபடி முதல் எழுத்தில் வைத்தாள். அந்த எழுத்தின் பெயரைச் சொன்னாள். அடுத்ததை நான் சொன்னேன். மூன்றாவது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, நீங்க படிச்சவங்களாச்சே?"

"படிச்சேன். ரெண்டாப்பு வரைக்கும்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு எழுத்தைச் சொன்னார். அன்று ராத்திரிக்குள் அது தெருவுக்கே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அன்பியத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் புத்தகத்தை என் மடியில் யாரும் எடுத்து வைக்கவுமில்லை. நான் வெறும் கையோடு நடத்தினேன். ஒரு சொல்லும் குறையவில்லை.

அந்த ஒரு பெயரைப் படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் பிள்ளை முதலிலிருந்து சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய பெயர் அதுதானா என்று எனக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் அதுதான் என்றார்.

அதிலிருந்து தினமும் நாலரை மணிக்குச் சுவர். மேலே பெரிதாகப் போட்டிருக்கும் கண்ணீர் அஞ்சலி என்பது இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் மேல்பகுதியை என் குடையால் மறைத்துவிடுவேன். தோற்றம், மறைவு என்பதையும் மறைக்க வேண்டியதாயிற்று. பெயரும் ஊரும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் பெயர்களும்தான் எங்கள் பாடம். ஒருவர் பெயர் இன்னொருவருக்கு இல்லை. அடுத்து யார் சாவார்கள் என்று முன்கூட்டி மனப்பாடம் செய்துவைக்க யாராலும் முடியாது. இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தோன்றவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். லோடு ஆட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார், வாய் சும்மா இருக்காது.

"ஆயா, பாத்து நில்லுங்க. அடுத்து உங்க போஸ்டர ஒட்டிருவாங்க. பாப்பா அதையும் படிச்சுப்போடும்."

"படிக்கட்டும். பிழையில்லாம அச்சடிக்கச் சொல்லு" என்றேன்.

அதன் பிறகு அவர் பிள்ளைக்குப் பட்டர் பிஸ்கட் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். அவருக்கே எழுத்துப் படிக்க வராது என்று பிற்பாடு தெரிந்தது. போஸ்டரில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மாசி மாதம் அந்தப் பெண் மறுபடி இறங்கி வந்தாள்.

"ஏனுங்கம்மா, நேத்துச் சோறு திங்கறப்ப, கெழக்குத் தெரு ரிட்டையர் கண்டக்டர் செத்துட்டாரு, அவருக்கு மூணு மருமவளுங்கன்னு சொல்றாளுங்க. அவிங்கப்பாவுக்குப் பொறையேறிப் போச்சு. கண்ணாலப் போஸ்டர் ஒண்ணுங் கெடைக்கலீங்களா?"

"கல்யாண பேனர்ல பாதி இங்கிலீஷ்ல இருக்கு. செத்தவங்கதான் முழுக்கத் தமிழ்ல இருக்காங்க."

அவள் சிரிக்கக் கூடாது என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். "கண்டக்டர்ங்கறத அவளே படிச்சாளுங்களா?"

"அவளேதான். எனக்கு அந்த எழுத்து வராது."

உண்மை அதுதான். அந்த மாதக் கடைசிக்குள் பிள்ளை என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் இரண்டாவது எழுத்தில் நிற்கும்போது அவள் மருமகள்களுக்குப் போயிருப்பாள். எனக்காகக் காத்திருப்பாள். காத்திருக்கிறாள் என்பது காட்டாமல் ஒரு காலை மாற்றி நிற்பாள். எனக்கு அதில் வருத்தம் இருந்தது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் அவசரமாகக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். இதை இன்றைக்கு நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து வரி. எழுத்துப் பிழைகளை வேறொருவர் திருத்தியிருக்கிறார்.

பரீட்சை முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையின் அப்பா காலையிலேயே வந்து மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். பிள்ளையை எதிரே நிறுத்தினார். அம்மா படியில் இரண்டு படி மேலே நின்றாள். நான் என் நாற்காலியைக் கதவுப் பக்கம் போட்டுக்கொண்டேன். அவர் பாடப்புத்தகத்தை எடுத்தார்.

"அது வேண்டாம்" என்றேன். "அது மனப்பாடம். புதுசுன்னுதானே சொன்னீங்க, புதுசாக் குடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொன்னது கீழ வரைக்கும் கேட்டுது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கெட்டுகிற இடத்தில் வேறு காகிதம் இல்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததை எடுத்தார். நாலு பக்கம் சேர்த்துப் பின் அடித்தது. அந்த நாமக்கல் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல் விதிமுறை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தார்.

"இதுல ஒரு பக்கம் படி பாக்கலாம்."

அந்தப் பெண் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை காகிதத்தை வாங்கினாள். மூக்கைத் தொடவில்லை. சுவரில் படிக்கிற அதே குரலில் ஆரம்பித்தாள். எழுத்து பொடியாக இருந்தது. முதல் வரியில் இரண்டு இடத்தில் நின்றாள். விடுதி என்ற சொல்லைத் தனித்தனியாகச் சொல்லிப் பிறகு சேர்த்தாள். அப்புறம் வேகம் பிடித்தது.

மாணவிகள் காலை நாலரை மணிக்கு எழ வேண்டும். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள மாணவிகள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். பெற்றோர் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை பார்க்கலாம். முதல் நாற்பது நாட்களுக்குப் பார்க்க அனுமதி இல்லை. உடல்நலம் சரியில்லை என்றால் நிர்வாகம் தெரிவிக்கும்.

செத்தவருக்கு மூன்று மருமகள்கள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"நாப்பது நாளா?" என்றார் அவர். "எங்க போட்டிருக்குது அப்படி?"

பிள்ளை விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து படித்தார். அவரும் பத்தாவது வரை படித்தவர்தான். திரும்பவும் ஒருதரம் படித்தார்.

"கையெழுத்துப் போடறப்பப் பாக்கலீங்களா?" என்று மேலேயிருந்து கேட்டாள் அவள்.

"எல்லாரும் போட்டாங்க. நானும் போட்டன்."

தெருவில் மீன்காரர் போனார். பிள்ளை காகிதத்தை இரண்டாம் பக்கம் திருப்பி, அடுத்ததையும் படிக்கட்டுமா என்பதுபோல அப்பாவைப் பார்த்தாள். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"போதும். நல்லாத்தான் படிக்கற."

"அப்பா, விடுதின்னா என்னுங்கப்பா?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் இரண்டு படியும் இறங்கி வந்துவிட்டாள்.

"நீ போவாத எடம் கண்ணு" என்றாள்.

அவர் அதை மறுக்கவில்லை. காகிதத்தைக் கிழிக்கவுமில்லை. மடிப்பு மாறாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "வாரனுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். அன்றைக்கு அவருக்கு லீவு.